பயன்பாட்டு எண் பூஜ்யம்தான், ஆனாலும் கெர்னல் விழுகிறது: மாட்யூலை இறக்கும்போது வரும் ரேஸ்

எலக்ட்ரானிக் சிட்டியில் போர்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தது இதுதான்: "அண்ணா, ஐ2சி (சிப்புகளை இணைக்கும் இரண்டு கம்பி வழி) சென்சார் ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவரை மாட்யூலாக, அதாவது ஓடும் கெர்னலில் ஏற்றி இறக்கும் கோடாக, எழுதியிருக்கிறேன். ஏற்றினால் நன்றாக ஓடுகிறது. ஆர்எம்மாட் கட்டளை கொடுத்து இறக்கும்போதும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எப்போதாவது, இறக்கி ஒரு விநாடி கழித்து, மெஷினே விழுந்துவிடுகிறது. ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாடில் பார்த்தால் யாரும் பயன்படுத்தவில்லை, பூஜ்யம் என்றுதான் இருக்கிறது. பிறகு எப்படி? டீம் லீட், 'ப்ராடக்டில் யார் மாட்யூலை இறக்கப் போகிறார்கள், விட்டுவிடு' என்கிறார். விட்டுவிடலாமா?"

கூடவே, டிவைஸ் விலகும்போது ஓடும் தன் டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷனையும் அனுப்பியிருந்தார். அதில் இருப்பது இரண்டே வேலைகள். நேரம் தள்ளி ஓடும் ஒரு ஒர்க்கை 'கேன்சல் டிலேய்ட் ஒர்க்' கொண்டு ரத்து செய்கிறார். பிறகு 'மிஸ்க் டிரெஜிஸ்டர்' கொண்டு டிவைஸ் ஃபைலை நீக்குகிறார். சென்சார் எழுப்பும் அழைப்பான இன்டரப்ட்டை, டிவைஸ் சேரும்போது ஓடும் ப்ரோபில் 'டெவ்எம் ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ' மூலம் (டெவ்எம்மில் வாங்கியதைக் கெர்னலே பிறகு விடுவித்துக்கொள்ளும்) வாங்கியிருப்பதால் அதை விடுவிக்க எதுவும் எழுதவில்லை. இன்டரப்ட் வந்ததும் அதன் ஹேண்ட்லர் அதே ஒர்க்கை க்யூவில் போடுகிறது. ஒர்க் ஓடி முடிந்ததும், ஒரு விநாடி கழித்து ஓடும்படி தன்னையே மறுபடி போட்டுக்கொள்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர் முழுவதும் 'டெவ்எம் கேஇசட்அலாக்'கில் வாங்கியது.

விட்டுவிடக் கூடாது, தம்பி. இது ரேஸ், அதாவது இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிமூவ் ஃபங்ஷன் ஆர்எம்மாட் கொடுத்தால் மட்டும் ஓடுவதில்லை. சிஸ்எஃப்எஸ்ஸில் (டிவைஸ்களையும் டிரைவர்களையும் ஃபைல்களாகக் காட்டும் இடம்), டிரைவரை டிவைஸிடமிருந்து கழற்றும் அன்பைண்ட் ஃபைலில் டிவைஸ் பெயரை எழுதினாலும் ஓடும். உங்கள் சென்சார் தொங்கும் ஐ2சி அடாப்டரின் டிரைவர் நீக்கப்பட்டாலும் ஓடும். யூஎஸ்பி வழி வரும் அடாப்டராக இருந்தால் கேபிளைப் பிடுங்கினாலே போதும். கெர்னலை மாட்யூல் இறக்கும் வசதியே இல்லாமல் கட்டினாலும் இந்த வழிகள் எல்லாம் திறந்தே இருக்கும். அதோடு, விடுவித்த மெமரியைக் கெர்னல் தொடுவது என்பது வெறும் கிராஷ் அல்ல, பாதுகாப்பு ஓட்டை. அந்த இடத்தில் வேறு யாரோ தங்கள் டேட்டாவை வைத்துவிட்டால், உங்கள் ஒர்க் அதிலிருந்து ஃபங்ஷன் பாயிண்டரை எடுத்துக் குதிக்கும்.

இப்போது பூஜ்யத்துக்கு வருவோம். எல்எஸ்மாட் காட்டும் எண்ணை, "இந்த மாட்யூலின் கோட் இப்போது எங்கும் ஓடவில்லை" என்று பலர் படிக்கிறார்கள். பெங்களூரில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. அனுபவம் உள்ளவர்களும் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: 'ட்ரை மாட்யூல் கெட்' கூப்பிட்டு இந்த மாட்யூலைப் பிடித்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது. திறந்திருக்கும் ஃபைல்கள், மவுன்ட் ஆன ஃபைல் சிஸ்டங்கள், இதை நம்பி ஏறிய வேறு மாட்யூல்கள் போன்றவை கணக்கில் வரும். நீங்கள் கிளப்பிவிட்ட டைமர், க்யூவில் காத்திருக்கும் ஒர்க், ஆர்சியூவிடம் (படிப்பவர்கள் முடித்த பிறகு பழைய டேட்டாவை விடுவிக்கும் ஏற்பாடு) கொடுத்த கால்பேக், இன்டரப்ட் ஹேண்ட்லர் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. நெட்வொர்க் கார்டு டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸ் அப் ஆகி, பாக்கெட் போய்வந்துகொண்டிருக்கும்போதே எல்எஸ்மாட் பூஜ்யம் காட்டும், ஆர்எம்மாட் கொடுத்தால் இறங்கவும் செய்யும். அது தவறல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே பாதுகாப்பு, இறங்கும்போது 'அன்ரெஜிஸ்டர் நெட்டெவ்' உள்ளே நின்று காத்திருப்பதில் இருக்கிறது.

அப்படியானால் மாட்யூலே தனக்குள் ஒரு கவுண்ட் வைத்துக்கொண்டால் என்ன? பழைய லினக்ஸ் அப்படித்தான் இருந்தது. 2.4 காலம் வரை பல டிரைவர்களில் ஓபன் ஃபங்ஷனின் முதல் வரியில் 'மாட் இங்க் யூஸ் கவுண்ட்' என்று எழுதுவார்கள், ரிலீஸின் கடைசி வரியில் 'மாட் டெக் யூஸ் கவுண்ட்'. பார்க்கச் சரியாகத் தோன்றும். ஆனால் கெர்னல் உங்கள் ஓபனைக் கூப்பிட முடிவு செய்து, பாயிண்டரை எடுத்து, குதித்து, முதல் வரியை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதற்குள் இன்னொரு கோரில் ஆர்எம்மாட் வந்தால் எண் இன்னும் பூஜ்யம், மாட்யூல் இறங்கிவிடும், ஓபன் போய்ச் சேரும் இடத்தில் கோட் இருக்காது. வெளியேறும் பக்கமும் இதே கதைதான். எண்ணைக் குறைத்த பிறகு, ஃபங்ஷன் திரும்பிப் போகும் கடைசி சில இன்ஸ்ட்ரக்‌ஷன்கள் இன்னும் மாட்யூலின் மெமரியில்தான் இருக்கின்றன. வீட்டுக்குள் நின்றுகொண்டு வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட முடியாது. அதுபோல மாட்யூல் தன் ஆயுளைத் தன் கோடிலிருந்தே காத்துக்கொள்ள முடியாது. எண்ணை ஏற்றுவதும் இறக்குவதும், ஓடிக்கொண்டிருப்பது முடியும்வரை காத்திருப்பதும், மாட்யூலுக்கு வெளியே இருக்கும் கோடிலேயே நடக்க வேண்டும். இந்தப் பதிலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மீதி எல்லாம் இதிலிருந்து வருவது.

2.5 வளர்ச்சிக் காலத்தில் ரஸ்டி ரஸல் மாட்யூல் லோடரைத் திரும்ப எழுதியபோது இந்தப் பொறுப்பு முழுதாக வெளியே போனது. அதனால்தான் இன்று ஃபைல் ஆபரேஷன்ஸில் ஓனர் என்ற இடத்தில் 'திஸ் மாட்யூல்' போடுகிறோம். ஓபனைக் கூப்பிடுவதற்கு முன்பே விஎஃப்எஸ் (ஃபைல் அழைப்புகளைக் கையாளும் கெர்னல் அடுக்கு) அந்த ஓனரிடம் 'ட்ரை மாட்யூல் கெட்' கேட்கிறது. கிடைக்கவில்லையென்றால் உள்ளே குதிப்பதே இல்லை. ஃபைல் மூடும்போதும் உங்கள் ரிலீஸ் திரும்பி வந்த பிறகுதான் வெளியிலிருந்து எண் குறைகிறது.

எண் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், அழகான விஷயம். ஏறியிருக்கும் மாட்யூலின் உள் எண் பூஜ்யத்தில் இருக்காது, 1-இல் இருக்கும். எல்எஸ்மாட் அந்த 1-ஐக் கழித்துத்தான் காட்டுகிறது. ஆர்எம்மாட் வந்தால் கெர்னல் அந்த அடிப்படை 1-ஐ அணுச்செயலாக, அதாவது நடுவில் யாரும் புக முடியாத ஒரே செயலாக, கழித்துப் பார்க்கும். முடிவு பூஜ்யம் என்றால் யாரும் இல்லை. அந்தக் கணத்திலிருந்து கதவு மூடியாயிற்று, ஏனென்றால் 'ட்ரை மாட்யூல் கெட்' பூஜ்யமாக இருக்கும் எண்ணை ஏற்றவே ஏற்றாது. முடிவு பூஜ்யம் இல்லையென்றால் 1-ஐத் திரும்பக் கூட்டிவிட்டு "பயன்பாட்டில் இருக்கிறது" என்று சொல்லிவிடும். "யாராவது இருக்கிறார்களா" என்று பார்ப்பதும் "இனி யாரும் வரக்கூடாது" என்று மூடுவதும் ஒரே செயலாக நடப்பதுதான் இங்கே உயிர். 2015-இல் வந்த 3.19-க்கு முன்பு இதற்காக எல்லா கோர்களையும் ஒரு கணம் நிறுத்தி வைத்துத்தான் எண்ணைப் பார்ப்பார்கள். அதன் பிறகு அது தேவையில்லாமல் போனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாட்யூலுக்குள்ளிருந்தே 'ட்ரை மாட்யூல் கெட்'டைத் திஸ் மாட்யூல் கொடுத்துக் கூப்பிடும் கோடை இன்னும் நிறைய இடங்களில் பார்க்கிறேன். சிஸ்எஃப்எஸ் ஸ்டோர் ஃபங்ஷனின் முதல் வரியில் அதைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த வரி ஓடுகிறது என்றாலே நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டீர்கள். வெளியே யாரோ உங்களைப் பிடித்து வைத்திருந்தால் அது தேவையில்லை. பிடித்து வைக்கவில்லையென்றால் அது தாமதம். சிஸ்எஃப்எஸ்ஸில் உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: ஆட்ரிபியூட்டை நீக்கும்போது, அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஷோ, ஸ்டோர் எல்லாம் வெளியே வரும்வரை, சிஸ்எஃப்எஸ்ஸின் அடியில் இருக்கும் கெர்ன்எஃப்எஸ் காத்திருக்கும். ப்ராக் ஃபைலை நீக்கும்போதும் இப்படித்தான்.

சரி, எண்ணுக்குத் தெரியாத விஷயங்களை எப்படி அடக்குவது? ஒவ்வொன்றுக்கும் "இனி வராதே" என்பது ஒரு படி, "உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை நிற்கிறேன்" என்பது இன்னொரு படி. இரண்டும் வேண்டும், இந்த வரிசையிலேயே வேண்டும். கெர்னலில் பெயர் 'சிங்க்' என்று முடியும் ஃபங்ஷன்கள் பெரும்பாலும் இரண்டாவது படியைச் செய்பவை. உங்கள் கோடில் 'கேன்சல் டிலேய்ட் ஒர்க்' என்று மட்டும் இருக்கிறதே, அது க்யூவில் காத்திருப்பதை எடுத்துப் போடும், அவ்வளவுதான். இன்னொரு கோரில் அந்த ஒர்க் இப்போது ஓடிக்கொண்டிருந்தால் அதற்காக நிற்காது. ஓடிக்கொண்டிருந்த அது முடியும்போது தன்னை மறுபடி ஒரு விநாடிக்குப் போட்டுக்கொள்ளும். நீங்கள் சொன்ன அந்த "ஒரு விநாடி கழித்து" இங்கிருந்துதான் வருகிறது. 'கேன்சல் டிலேய்ட் ஒர்க் சிங்க்' நின்று காத்திருக்கும். காத்திருக்கும்போது ஒர்க் தன்னைத்தானே மறுபடி போட்டுக்கொள்வதையும் தடுக்கும்.

சிங்க் சேர்த்தால் தீர்ந்ததா என்றால், உங்கள் டிரைவரில் தீராது. பலர் முதல் ஓட்டையை அடைத்துவிட்டு இங்கே நின்றுவிடுகிறார்கள். சிங்க் திரும்பி வந்த பிறகு வெளியிலிருந்து வேறு யாராவது அந்த ஒர்க்கைப் போட்டால் அதை அது தடுக்காது. உங்களிடம் அப்படி ஒருவர் இருக்கிறார், இன்டரப்ட் ஹேண்ட்லர். டெவ்எம்மில் வாங்கிய எதுவும் ரிமூவ் முழுவதும் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். ஆகவே நடப்பது இது: ரிமூவ் ஒர்க்கை ரத்து செய்கிறது, திரும்புகிறது. இன்டரப்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. சென்சார் அந்த நேரம் பார்த்து ஒரு இன்டரப்ட் எழுப்புகிறது. ஹேண்ட்லர் ஒர்க்கைப் போடுகிறது. பிறகு டெவ்எம் இன்டரப்ட்டை விடுவிக்கிறது, டேட்டாவையும் விடுவிக்கிறது, மாட்யூலின் கோடும் போகிறது. க்யூவில் ஒர்க் மட்டும் இருக்கிறது, விடுவித்த மெமரிக்குள் உட்கார்ந்தபடி.

டெவ்எம் மேல் குறை சொல்லவில்லை, நல்ல வசதி. ஆனால் பாதி டெவ்எம், பாதி கைவேலை என்று கலந்தால் இறங்கும் வரிசை உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. டெவ்எம் கடைசியில் வாங்கியதை முதலில் விடுவிக்கும். அந்தக் குணத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ப்ரோபில் முதலில் டேட்டா. அடுத்து ஒர்க்கைத் தயார் செய்து, 'டெவ்எம் டிலேய்ட் ஒர்க் ஆட்டோகேன்சல்' கொண்டு அதன் ரத்தையும் டெவ்எம்மிடமே ஒப்படையுங்கள். 5.13-இலிருந்து இது இருக்கிறது. அதற்கு முந்தைய கெர்னல் என்றால் 'டெவ்எம் ஆட் ஆக்‌ஷன் ஆர் ரீசெட்' கொண்டு நீங்களே எழுதிக்கொள்ளலாம். இதற்குப் பிறகுதான் இன்டரப்ட்டைக் கேளுங்கள். இப்போது இறங்கும்போது முதலில் இன்டரப்ட் போகும், பிறகு ஒர்க் ரத்தாகும், கடைசியில் டேட்டா. இன்டரப்ட்டை விடுவிக்கும் 'ஃப்ரீ ஐஆர்க்யூ' ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும் என்பதால், அது திரும்பி வந்த பிறகு ஒர்க்கைப் போட யாரும் இல்லை. அப்போது செய்யும் ரத்து உண்மையான ரத்து.

ரிமூவில் உங்கள் கையில் மிஞ்சுவது மிஸ்க் டிரெஜிஸ்டரும், சென்சார் சிப்பின் ரெஜிஸ்டரில் எழுதி இன்டரப்ட்டை அணைப்பதும்தான். சிப்பை அணைப்பதை விட்டுவிடாதீர்கள். இன்டரப்ட் லைனை வேறு டிவைஸோடு பகிர்ந்திருந்தால், நீங்கள் போன பிறகும் உங்கள் சிப் கத்திக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல யாரும் இல்லாமல் கெர்னல் அந்த லைனையே மூடிவிடும். பக்கத்து டிவைஸும் சேர்ந்து நின்றுவிடும்.

டைமர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டைமர் ஒர்க்கைப் போடுகிறது, ஒர்க் டைமரை மறுபடி கிளப்புகிறது என்று வட்டமாக இருந்தால் எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது அதை எழுப்பிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி ரத்து செய்து, ஒரு கொடி வைத்து, அந்தக் கொடியை லாக்கில் பார்த்து என்று எழுதுவார்கள். பாதி தடவை தவறாகவும் எழுதுவார்கள். 6.2-இல் வந்த 'டைமர் ஷட்டவுன் சிங்க்' இதைத் தீர்த்தது. அது டைமரை நிறுத்தி, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகு யார் கிளப்ப முயன்றாலும் சத்தமில்லாமல் மறுத்துவிடும். ஒர்க்குக்கு அதே குணம் 6.10-இல் 'டிசேபிள் ஒர்க் சிங்க்' என்று வந்தது. புதிய கெர்னலில் வேலை செய்பவர்கள் பழைய கொடி வித்தைகளைத் தூக்கி எறிந்துவிட்டு இவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்சியூ இன்னும் நுட்பமானது. 'கால் ஆர்சியூ' என்று எழுதி, விடுவிக்கும் கால்பேக்கை மாட்யூலுக்குள் வைத்திருந்தால், எக்ஸிட்டில் 'சிங்க்ரனைஸ் ஆர்சியூ' போதும் என்று நினைத்துவிடுவது சுலபம். போதாது. அது படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரைதான் காத்திருக்கும். க்யூவில் இருக்கும் கால்பேக்குகள் ஓடி முடியும்வரை அல்ல. அதற்கு 'ஆர்சியூ பேரியர்' வேண்டும். அதையும், புதிதாகக் கால் ஆர்சியூ கூப்பிடும் வழிகளை எல்லாம் அடைத்த பிறகுதான் கூப்பிட வேண்டும். வெறுமனே மெமரியை விடுவிப்பதுதான் வேலை என்றால் 'கேஃப்ரீ ஆர்சியூ' எழுதுங்கள். அங்கே ஓடும் கோட் கெர்னலுடையது, உங்கள் மாட்யூலுடையது அல்ல. கெர்னல் நிகழ்வுகளைக் கவனிக்க உதவும் ட்ரேஸ்பாயிண்டில் ஃபங்ஷனைக் கோத்திருந்தால் கழற்றிய பிறகு 'ட்ரேஸ்பாயிண்ட் சிங்க்ரனைஸ் அன்ரெஜிஸ்டர்' தேவை.

கெர்னல் த்ரெட் என்றால் 'கேத்ரெட் ஸ்டாப்'. அது கொடியை வைத்து, தூங்கும் த்ரெட்டை எழுப்பி, த்ரெட் முற்றாக வெளியேறும்வரை நிற்கும். த்ரெட் தானாகவே முடித்துக்கொள்ளும் வகை என்றால் மேலே சொன்ன வெளிக்கதவுப் பிரச்சினை அப்படியே திரும்பி வரும். மாட்யூல் புட் கூப்பிட்டுவிட்டு அடுத்த வரியில் ரிட்டர்ன் எழுதினால், அந்த ரிட்டர்னே இல்லாமல் போயிருக்கலாம். இதற்காகவே 'மாட்யூல் புட் அண்ட் கேத்ரெட் எக்ஸிட்' என்ற ஒன்று கெர்னலில் இருக்கிறது. எண்ணைக் குறைப்பதும் த்ரெட்டை முடிப்பதும் கெர்னலின் சொந்தக் கோடில் நடக்கும், உங்கள் மாட்யூலுக்குத் திரும்பாது.

காத்திருப்பதில் வரும் இன்னொரு ஆபத்து டெட்லாக். அன்றொரு சனிக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் நாங்கள் கெர்னல் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் உட்கார்ந்து பேசியபோது நீண்ட நேரம் ஓடியது இதைப் பற்றித்தான். ரிமூவ் ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய லாக்) பிடித்துக்கொண்டு கேன்சல் ஒர்க் சிங்க் கூப்பிடுகிறது. ஒர்க்கின் முதல் வரி அதே மியூடெக்ஸைக் கேட்கிறது. ரிமூவ் ஒர்க்குக்காக நிற்கும், ஒர்க் மியூடெக்ஸுக்காக நிற்கும், காலம் முழுக்க நிற்பார்கள். சிஸ்எஃப்எஸ்ஸிலும் இதே வடிவம்: எக்ஸிட் ஒரு லாக்கோடு ஆட்ரிபியூட்டை நீக்கப் போகிறது, ஸ்டோர் உள்ளே அதே லாக்குக்குக் காத்திருக்கிறது, கெர்ன்எஃப்எஸ் ஸ்டோர் வெளியே வரட்டும் என்று காத்திருக்கிறது. ரேஸை அடைக்கிறேன் என்று லாக்கை அகலப்படுத்துபவர்கள் நேராக இதில் போய் விழுகிறார்கள். காத்திருக்கும் ஃபங்ஷன் எதையும், அது எதற்காகக் காத்திருக்கிறதோ அந்தக் கோட் கேட்கும் லாக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிடாதீர்கள். கொடியை லாக்குக்குள் வையுங்கள், லாக்கை விடுங்கள், அப்புறம் காத்திருங்கள். லாக் பிடிக்கும் வரிசையைச் சோதிக்கும் லாக்டெப்பை இயக்கிய கெர்னலில் ஒர்க் சார்ந்த இந்த டெட்லாக்குகள் உண்மையில் மாட்டிக்கொள்வதற்கு முன்பே எச்சரிக்கையாக வந்துவிடும்.

உங்கள் டிரைவரில் நீங்கள் கேட்காத இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. கேட்ட கேள்வியை விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஃபைல் திறந்திருக்கும்போது ஆர்எம்மாட் மறுக்கப்படும், ஓனர் போட்டிருப்பதால். ஆனால் அன்பைண்ட் மறுக்கப்படாது. அது மாட்யூல் எண்ணைப் பார்ப்பதே இல்லை. கோட் மெமரியில் இருக்கும், டேட்டா போய்விடும். மிஸ்க் டிரெஜிஸ்டர் புதிதாக யாரும் திறக்காமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே திறந்தவர்களை வெளியேற்றாது. அவர்கள் அடுத்து ரீட் கூப்பிட்டால், டெவ்எம் விடுவித்துவிட்ட ஸ்ட்ரக்சரை நோக்கிய பாயிண்டரோடு உங்கள் ஃபங்ஷன் ஓடும். மாட்யூலின் ஆயுள் வேறு, டேட்டாவின் ஆயுள் வேறு. முதலாவதை மாட்யூல் எண் காக்கும். இரண்டாவதை நீங்கள்தான் காக்க வேண்டும்.

ஆகவே அந்த ஸ்ட்ரக்சரை டெவ்எம்மிலிருந்து வெளியே எடுங்கள். சாதாரண கேஇசட்அலாக்கில் வாங்கி, உள்ளே ஒரு கேரெஃப் (பிடித்திருப்பவர்களை எண்ணும் கவுண்டர்) வையுங்கள். ப்ரோப் ஒரு பிடி வைத்திருக்கும், ஒவ்வொரு ஓபனும் ஒரு பிடி எடுக்கும், ரிலீஸ் விடும். ஓபனில் பிடி எடுப்பது இங்கே பாதுகாப்பானது. மிஸ்க் அடுக்கு தன் மியூடெக்ஸைப் பிடித்தபடிதான் உங்கள் ஓபனைக் கூப்பிடுகிறது, டிரெஜிஸ்டரும் அதே மியூடெக்ஸைக் கேட்கிறது, இரண்டும் மோதாது. ப்ரோபின் பிடியை விடும் வேலையை ப்ரோபிலேயே முதல் டெவ்எம் ஆக்‌ஷனாகப் பதிந்துவிடுங்கள், அப்போதுதான் அது கடைசியில் ஓடும். அப்புறம் ஸ்ட்ரக்சருக்குள் 'போய்விட்டது' என்று ஒரு கொடி, அதைக் காக்க ஒரு மியூடெக்ஸ். ரீட், ரைட், ஐஆக்டில் ஒவ்வொன்றும் மியூடெக்ஸைப் பிடித்துக் கொடியைப் பார்த்து, போயிருந்தால் டிவைஸ் இல்லை என்னும் 'ஈநோடெவ்' பிழையைத் திருப்ப வேண்டும். ரிமூவ் மிஸ்க் டிரெஜிஸ்டர் முடித்ததும் அதே மியூடெக்ஸில் கொடியை உயர்த்தி, உடனே மியூடெக்ஸை விட்டுவிட வேண்டும். ரீட் தரவு வரும்வரை தூங்கும் வகை என்றால், மியூடெக்ஸோடு தூங்கவிடாதீர்கள். கொடியை உயர்த்திய கையோடு காத்திருப்போரை எழுப்பியும் விடுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று டீம் லீட் சொன்னால், டிரைவர் ஸ்ட்ரக்சரில் 'சப்ரஸ் பைண்ட் ஆட்ரிப்ஸ்' என்று ஒன்று உண்டு. சிஸ்எஃப்எஸ் வழி அன்பைண்டை மூடிவிடும். மாட்யூலுக்கு எக்ஸிட் ஃபங்ஷனே எழுதாமல் விட்டால் கெர்னல் அதை இறக்க மறுத்துவிடும். இரண்டும் நேர்மையான வழிகள்தான். அரைகுறையாக இறங்கும் மாட்யூலை விட இறங்கவே இறங்காத மாட்யூல் எவ்வளவோ மேல். ஆனால் அடாப்டர் போகும் வழி அப்போதும் திறந்தே இருக்கும். சில மாட்யூல்களுக்கு இறங்காமல் இருப்பதுதான் ஒரே சரியான விடை. சிஸ்டம் கால் டேபிளில் கை வைத்துத் தன் ஃபங்ஷனைச் செருகும் மாட்யூல்களைச் சொல்கிறேன். ஏதோ ஒரு ப்ராசஸ், அப்படிச் செருகிய ரீட் ஒன்றின் வழியாக உள்ளே போய் மணிக்கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். டேபிளைப் பழையபடி வைத்துவிட்டு மாட்யூல் இறங்கினால், அது விழித்துத் திரும்பி வரும் முகவரியில் எதுவும் இருக்காது. ஓடும் கெர்னலையே திருத்தும் லைவ்பேட்ச் இதே சிக்கலைத் தீர்க்க ஒவ்வொரு ப்ராசஸின் ஸ்டாக்கையும் சோதித்துப் பார்க்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத மாட்யூல் இறங்க நினைக்கவே கூடாது. ஆர்எம்மாடுக்கு வலுக்கட்டாயக் கொடி கொடுத்து இறக்குவதும் தீர்வல்ல; அது கெர்னலைக் கறை படிந்ததாகக் குறித்துவிட்டு, இவ்வளவு நேரம் பேசிய பாதுகாப்புகளைத் தாண்டிப் போகும் வழி.

கடைசியாகச் சோதனை. எப்போதாவது விழும் பிழையை எப்போதும் விழும் பிழையாக மாற்றினால்தான் திருத்தியதை நம்ப முடியும். ஒர்க் ஃபங்ஷனுக்குள் தற்காலிகமாக ஒரு 'எம்ஸ்லீப்' போட்டு இடைவெளியை அகலமாக்குங்கள். கேசன் (தவறான மெமரித் தொடுதலைப் பிடிப்பது), லாக்டெப், டிபக் ஆப்ஜெக்ட்ஸ் (டைமர், ஒர்க் போன்றவற்றின் ஆயுளைக் கவனிப்பது) மூன்றையும் இயக்கிக் கெர்னலைக் கட்டுங்கள். டிபக் ஆப்ஜெக்ட்ஸில் விடுவிப்பு, டைமர், ஒர்க் மூன்று சோதனைகளும் இயங்க வேண்டும். உங்கள் பழைய கோடை அதில் ஓட்டினால், மெஷின் விழுவதற்கு முன்பே, உயிருள்ள டைமரோடு மெமரியை விடுவிக்கிறாய் என்று ஓடெபக் பெயரில் ஒரு எச்சரிக்கை வரும். டிலேய்ட் ஒர்க்குக்குள் இருப்பது டைமர்தானே. அந்த எச்சரிக்கையின் ஸ்டாக்கில் யார் விடுவித்தார்கள் என்பதும் இருக்கும். இது இல்லாமல் கெர்னல் விழும்போது அச்சிடும் வெறும் ஊப்ஸை மட்டும் படித்தால் குழப்பமே மிஞ்சும். விழும் இடம் டைமர் கோடில் எங்கோ இருக்கும், உங்கள் டிரைவரின் பெயரே வராது. 'கடைசியாக இறக்கியது' என்ற வரியில் மட்டும் உங்கள் மாட்யூலின் பெயர் தெரியும். விழுந்த கோடின் முகவரியைக் காட்டும் ஆர்ஐபி வெறும் எண்ணாக, ஃபங்ஷன் பெயர் இல்லாமல் இருந்து, கூடவே அந்த வரியில் உங்கள் பெயரும் இருந்தால், போய்விட்ட கோடுக்குள் யாரோ குதித்திருக்கிறார்கள் என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

பகிர்ந்த இன்டரப்ட் என்றால் 'டிபக் ஷிர்க்' என்பதையும் இயக்குங்கள். ஹேண்ட்லரை விடுவிக்கும்போது வேண்டுமென்றே ஒரு தடவை அதைக் கூப்பிட்டுப் பார்க்கும். டேட்டாவை முன்னதாக விடுவித்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பிறகு மூன்று டெர்மினல்: ஒன்றில் ஏற்றி இறக்கும் சுழற்சி, இன்னொன்றில் ஃபைலைத் திறந்து படித்து மூடும் சுழற்சி, மூன்றாவதில் பைண்ட், அன்பைண்ட் சுழற்சி. சென்சாரை விரலால் தட்டியோ சூடாக்கியோ இன்டரப்ட் வந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன இரண்டாவது ஓட்டை சோதனையில் தெரியவே தெரியாது. இரவு முழுக்க ஓடட்டும். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டே அன்பைண்ட் செய்து, பிறகு படித்து, பிறகு மூடும் சோதனையைத் தனியாகவும் ஒரு தடவை செய்யுங்கள். படிக்கும்போது ஈநோடெவ் வர வேண்டும், மூடும்போது கேசன் வாய் திறக்கக் கூடாது. டீம் லீடுக்கு அனுப்பும் பேட்சோடு, பழைய கோட் கொடுத்த அந்த ஓடெபக் எச்சரிக்கையையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.